"உன் இஷ்டம்" என்று அம்மா சொன்னால் அது சம்மதமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா சவூதியில் 11 வருடம் வேலை பார்த்தார். அவர் காலமான பிறகு அவருடைய பெட்டியில், அம்மா அவருக்கு எழுதிய நூற்றுச் சொச்சம் கடிதங்கள் கிடைத்தன. அவற்றை வைத்து ஓர் ஓரங்க நாடகம் எழுதியிருக்கிறீர்கள். பெயர்களை மாற்றிவிட்டீர்கள், மேடைக்காகக் கடித வரிகளையும் அங்கங்கே மாற்றியிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டபோது "உன் இஷ்டம்" என்றார். அக்கா மட்டும் கூடாது என்கிறார். "நானும் அந்த வீட்டில்தானே வளர்ந்தேன், அது என் கதையும்தானே, எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு மேடையேற்றாதீர்கள். அம்மா சொன்னதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. "உன் இஷ்டம்" என்ற இரண்டு சொல்லுக்கு நம் வீடுகளில் எத்தனை அர்த்தம் உண்டு என்று உங்களுக்கே தெரியும். ஜவுளிக்கடையில் சொன்னால் ஒன்று. மகன் இருக்கிற வேலையை விடப்போகிறேன் என்று வந்து நிற்கும்போது சொன்னால் முற்றிலும் வேறு. பெரும்பாலும் அது "நான் சொல்லி நீ கேட்கவா போகிறாய்" என்பதன் சுருக்கம். பிள்ளைகளை எதிர்த்துப் பேசிப் பழகாத ஒரு அம்மாவின் வாயிலிருந்து வரும்போது இன்னும் கவனமாகக் கேட்க வேண்டிய வார்த்தை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால், தீப்பெட்டி வேலை செய்யும் பெண்களிடம் மாதக்கணக்கில் பேசி, எங்கள் குழு ஒரு நாடகம் செய்தது. அவர்களில் ஐம்பதை நெருங்கிய ஒருவர், மகளை நர்சிங் படிப்பில் சேர்ப்பதற்காகத் தன் தாலிச் சங்கிலியை அடகு வைத்த கதையைச் சொன்னார். கணவருக்குத் தெரியாது. அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டார். அது கறுத்துவிடாமல் இருக்க, மாதம் ஒருமுறை எல்லோரும் தூங்கிய பிறகு, மகளுடைய நிறமில்லாத நெயில் பாலிஷை எடுத்துச் சங்கிலியில் கண்ணி கண்ணியாகப் பூசுவார். முறத்தில் போட்டுக் காயும்வரை முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார். வாசனை தங்கிவிடக் கூடாது என்று அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்து வைப்பார். இப்படி இரண்டு வருடம்.

நாடகத்தில் இதைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க டீச்சர்" என்றார்.

பெயரை மாற்றினோம், ஊரை மாற்றினோம், தீப்பெட்டியைப் பீடி ஆக்கினோம். நெயில் பாலிஷை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை. நாடகத்தின் உயிரே அந்த இடம்தான். நடித்த பெண் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் பூசுவாள். ஒவ்வொரு ஊரிலும் அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். பிறகு ஒரு நாள் அவர் ஊருக்குப் பக்கத்து ஊரில், பள்ளிக்கூட மைதானத்தில் போட்டோம். அவருடைய நாத்தனார் வந்திருந்தார். "இந்த வயசுல உனக்கெதுக்கு நெயில் பாலிஷ்?" என்று என்றோ ஒருநாள் கேட்டவர் அவர். மறுநாள் காலைக்குள் வீட்டுக்கு விஷயம் போய்விட்டது. சங்கிலியை மீட்டுப் பல வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் இரண்டு வருடம் பொய் சொன்னாள் என்பதுதான் பேச்சானது. கணவர் சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். கோபப்படவில்லை. "நாடகம் நல்லாருந்துச்சாம் டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாடகம்னா மெட்ராஸ்ல போடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் எனக்குத் தந்த சம்மதம் உண்மையானதுதான். ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. எங்கெங்கே போடுவோம், யார் யார் வரக்கூடும் என்று சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லவில்லை. அந்தக் காட்சியை எடுத்துவிட்டோம். நாடகம் பலவீனமாகிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். பலவீனமான நாடகத்தையே அதன் பிறகு போட்டோம்.

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன். இரண்டு விவரங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். நெயில் பாலிஷையும் எடுத்துவிடட்டுமா என்று நானே கேட்டேன். "அது இருக்கட்டும் டீச்சர். இப்ப அவருக்கே தெரியுமே" என்றார்.

பெயரை மாற்றினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. பெயர், ஊர், தொழில் எல்லாம் வேற்று ஆட்களிடமிருந்துதான் ஒருவரை மறைக்கும். தெரிந்தவர்களிடமிருந்து மறைக்காது. நமக்கு ஆபத்து தெரிந்தவர்களிடமிருந்துதான் வருகிறது. எந்த விவரம் கதைக்கு உயிர் கொடுக்கிறதோ, அதே விவரம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் அம்மாவின் கடிதங்களிலும் அப்படிப்பட்ட வரிகள் இருக்கும், அவற்றைத்தான் நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நல்ல கலைஞன் அதைத்தான் எடுப்பான்.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கு அமெரிக்கக் கவிதை உலகத்தில் நடந்திருக்கிறது. ராபர்ட் லோவெல் அந்நாட்டின் பெரிய கவிஞர்களில் ஒருவர். 1970இல் இங்கிலாந்துக்குப் போனவர், அங்கே வேறொரு பெண்ணுடன் வாழத் தொடங்கினார். மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கும் மகளும் நியூயார்க்கில் இருந்தார்கள். ஹார்ட்விக்கும் எழுத்தாளர்தான், மிகக் கூர்மையான விமர்சகர். ஆனால் அந்த நாட்களில் அவர் கணவருக்கு எழுதியவை எழுத்தாளர் எழுதிய கடிதங்கள் அல்ல. கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கோபமும் கெஞ்சலும், வீட்டுக் கணக்கும், மகளைப் பற்றிய கவலையும் நிறைந்தவை. லோவெல் அந்தக் கடிதங்களின் வரிகளை எடுத்துத் தன் கவிதைகளுக்குள் மனைவியின் குரலாக வைத்தார். சிலவற்றை அப்படியே வைத்தார், சிலவற்றை மாற்றி வைத்தார். 'தி டால்பின்' என்ற அந்தத் தொகுப்பு 1973இல் வந்தது. 1974இல் அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

அச்சாவதற்கு முன்பே, 1972இல், அவருடைய நெருங்கிய தோழியும் கவிஞருமான எலிசபெத் பிஷப் கைப்பிரதியைப் படித்துவிட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கவிதைகள் அற்புதம் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் குற்றச்சாட்டை வைத்தார். சொந்த வாழ்க்கையை யாரும் எழுதலாம், எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இந்தக் கடிதங்கள் ஒரு நம்பிக்கையில் எழுதப்பட்டவை, அதை மீறுகிறீர்களே என்பது அவர் கேள்வி. அனுமதி வாங்கியிருந்தால், மாற்றாமல் விட்டிருந்தால் கதை வேறு என்றார். கலை அவ்வளவு பெறுமானம் உள்ளது அல்ல என்றும் எழுதினார். கலைக்காகவே வாழ்ந்த ஒருவர் எழுதியது இது. லோவெல் கொஞ்சம் மாற்றினார், வரிசையைத் திருத்தினார், ஆனால் கடிதங்களை விடவில்லை. புத்தகம் வந்ததும் மதிப்புரைகளில் ஹார்ட்விக்கின் குணத்தையே அலச ஆரம்பித்தார்கள்.

பிஷப் சொன்னதில் எல்லோரும் கவனிப்பது அனுமதி வாங்காததை. எனக்கு அதைவிட உறுத்துவது மாற்றியது. கடிதத்தை அப்படியே போட்டால், குறைந்தபட்சம் அவள் சொன்னதற்கு அவள் பொறுப்பு. பாதி அவளுடையதும் பாதி உங்களுடையதுமாகக் கலந்து அவள் வாயில் வைத்தால், எது யாருடையது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது, அவளாலும் மறுக்க முடியாது. "நான் அப்படி எழுதவில்லை" என்று சொல்லப்போனால் எதை எழுதினாள் என்று காட்ட வேண்டிவரும். நீங்கள் "மேடைக்காகக் கொஞ்சம் மாற்றினேன்" என்று சாதாரணமாக எழுதியிருக்கும் இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்தி யோசித்தேன். உங்கள் மாமா பார்வையாளர்களில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்த்த ஒரு வரியில் அம்மா தன் மாமியாரைப் பற்றிக் கடுமையாக ஏதோ சொல்கிறார். அன்றிலிருந்து அந்த வரி உங்கள் அம்மா சொன்னதுதான்.

சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கடிதம் எழுதப்பட்ட காகிதம் யாருக்கு அனுப்பப்பட்டதோ அவருக்குச் சொந்தம். அப்பாவுக்குப் பிறகு அது குடும்பத்துக்கு வரும். ஆனால் அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 வருடமும் அது நீடிக்கும். ஆக, பெட்டி உங்கள் கையில் இருக்கிறது, வரிகள் அம்மாவுடையவை.

அந்தரங்கம் பற்றிய முக்கியமான தீர்ப்பு நம் ஊர் வழக்கிலேயே வந்தது. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை தடுத்தபோது, 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு தீர்ப்புச் சொன்னது. அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடை போட முடியாது என்றது. அதே சமயம், ஒரு குடிமகனின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது, பொது ஆவணங்களில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எழுதுவது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா விமர்சனமா என்பது இங்கே கணக்கில்லை என்கிறது. "அம்மாவைப் பெருமையாகத்தானே காட்டியிருக்கிறேன்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அப்பாவைப் பொறுத்தவரை சட்டம் தளர்வாகத்தான் இருக்கிறது. மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுத்த படத்தை எதிர்த்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் மரணத்தோடு முடிந்துவிடுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. சட்டம் விட்ட இடத்தையெல்லாம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. சரி, சட்டம் போதும்.

"அது என் கதையும்தானே" என்பதற்கு வருகிறேன். ஆமாம், உங்கள் கதையும்தான். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் நீங்கள் ஓடியது, நீலக் கவரில் இருந்த அரபு எழுத்து ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தது, அப்பா டேப்பில் பேசி அனுப்பிய கேசட்டை நடுக்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டது, இதையெல்லாம் நீங்கள் உங்கள் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். இவை முழுக்க உங்களுடையவை. யாரிடமும் கேட்காமல் மேடையில் வைக்கலாம். நீங்கள் கண்டது, கேட்டது, பட்டது, தவறாகப் புரிந்துகொண்டது வரைக்கும் உங்களுடையது. ஆனால் அன்றைக்கு உங்களுக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு அம்மா எழுதியது, ஒரே ஒருவர் படிப்பதற்காக எழுதியது, அது உங்களுக்கு வந்த கடிதம் அல்ல. பெட்டியைத் திறந்ததால் உங்களுக்கு வந்துவிடாது.

அக்காவைப் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா? ஒரு அம்மா வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு எழுதும்போது வயதுக்கு வந்த மகளைப் பற்றி எழுதாமல் இருக்க மாட்டார். கல்யாணப் பேச்சு, வரதட்சணைக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும், வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் என்ன சொன்னார்கள், இதெல்லாம் அதில் இருக்கலாம். அவர் இன்று வேறொரு வீட்டில், வேறு மனிதர்கள் மத்தியில் வாழ்கிறார். தன்னைப் பற்றிய பக்கங்களுக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. அம்மா சம்மதித்தாலும் அந்தப் பக்கங்களுக்கு அக்காவிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் யார் ஆட்சேபித்தாலும் எழுதக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது" என்ற ஒரே வாக்கியத்தை வைத்து எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள்! அடித்தவரிடம் அனுமதி வாங்கித்தான் அடிபட்டவர் எழுத வேண்டும் என்றால் எழுத்தே இருக்காது. தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தபோது, ஊரை அவமானப்படுத்திவிட்டதாக அவருடைய சொந்த மக்களே கோபித்துக்கொண்டார்கள், சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு படித்த இளைஞர்கள் புத்தகத்தைப் புரிந்துகொண்டு பெரியவர்களுக்கு எடுத்துச் சொன்ன பின்தான் நிலைமை மாறியது. அவர் எழுதாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவர் எழுதியது தன் மேலேயே விழுந்த அடியை. அதன் விலையையும் அவரே கொடுத்தார். உங்கள் நாடகத்தில் விலை கொடுக்கப்போவது யார் என்று பாருங்கள். கைதட்டல் உங்களுக்கு வரும். மறுநாள் கோயிலில், ரேஷன் கடையில், சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் பதில் சொல்லப்போவது அம்மா.

கைதட்டல் மட்டுமல்ல, காசும் வரலாம். 1930களில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து கிடந்த பெருமந்த காலத்தின் முகமாக உலகமே அறிந்த ஒரு புகைப்படம் உண்டு. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங்க் எடுத்தது. கன்னத்தில் கை வைத்த ஒரு தாய், தோளில் முகம் புதைத்த குழந்தைகள். லாங்க் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது, அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போயிருந்தது. 40 வருடத்துக்கும் மேல் கழித்து, 1978இல்தான் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம், அதனால் தனக்கு ஒரு பைசா கிடைத்ததில்லை என்றார் அவர். அரசுக்காக எடுத்த படம் என்பதால் லாங்க்குக்கும் அதில் உரிமைத்தொகை வரவில்லை; அவர் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் அந்த அம்மாவின் மனதில் 40 வருடம் அது அப்படியே இருந்திருக்கிறது. 1983இல் அவர் நோயுற்றபோது பிள்ளைகள் உதவி கேட்க, முன்பின் தெரியாதவர்கள் சுமார் 35,000 டாலர் அனுப்பினார்கள். கூடவே வந்த கடிதங்களைப் படித்த பிறகுதான், அந்தப் படம் மற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளைகளுக்கே புரிந்ததாம்.  உங்கள் நாடகத்துக்கு டிக்கெட் வைத்தாலோ பரிசு கிடைத்தாலோ, அம்மாவுக்குப் பங்கு உண்டு என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மறுப்பார். ஆனாலும் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நாள் மதியம், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, நாடகத்தை முழுக்க அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள், வரிக்கு வரி வாசியுங்கள். எங்கே போடப்போகிறீர்கள், உள்ளூரிலா, வீடியோ எடுத்து யூடியூபில் போடுவீர்களா, சித்தப்பா வீட்டார் வரக்கூடுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறாரோ அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே பதில் கேட்காதீர்கள், ஒரு வாரம் விடுங்கள். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் வேண்டாம் என்றாலும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லுங்கள். சொன்னால் நிறுத்தவும் தயாராக இருங்கள். மாற்றிய வரிகளைப் பழையபடி ஆக்குங்கள், அல்லது அவற்றை அம்மா பாத்திரத்திடமிருந்து எடுத்து மகன் பாத்திரத்துக்குக் கொடுங்கள். அம்மா கடைசியில் வேண்டாம் என்றால், தபால்காரருக்காகக் காத்திருந்த பையனின் நாடகத்தை எழுதுங்கள். அந்தப் பையனுக்கு அம்மா என்ன எழுதினாள் என்பது கடைசிவரை தெரியாது. அதுவே நல்ல நாடகமாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அந்தப் பெட்டி இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது? கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளாமல். அவர் எழுதியதை அவரே படித்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். அப்புறம், அப்பா எழுதிய பதில்கள் எங்கே என்று உங்கள் கேள்வியில் எங்குமே இல்லை. அம்மா அவற்றை எங்கேயோ வைத்திருப்பார், பீரோவில் புடவைக்கு அடியிலோ, பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியிலோ. நீங்களாகக் கேட்காதீர்கள். அவரே எடுத்து வந்து உங்கள் முன்னால் வைக்கிறாரா என்று பாருங்கள்.